நல்ல வருஷத்தில் போட்ட கையெழுத்து

2018 மார்ச் முதல் தேதி. லண்டனில் பனி கொட்டுகிறது. எமிரேட்ஸ் ஸ்டேடியத்தில் ஆர்சனலும் மான்செஸ்டர் சிட்டியும் கால்பந்து ஆடுகின்றன. நாலு நாளைக்கு முன்னால்தான் இதே சிட்டியிடம் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். ('தோம்' என்று எழுதுவதை மன்னியுங்கள், ஆர்சனல் ரசிகனின் கை அப்படியே பழகிவிட்டது.) அரை மணி நேரம் கொஞ்சம் தாண்டுவதற்குள் இந்த ஆட்டத்திலும் மூன்று கோல் விழுந்துவிட்டது. பெர்னார்டோ சில்வா, டேவிட் சில்வா, சானே. கேமரா மேல் கேலரிப் பக்கம் திரும்பியது. வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள், ஆள் இல்லை. ஆனால் அன்றைய கூட்டம் என்று கிளப் அறிவித்த கணக்கு 58,000-க்கு மேல்.

"மிச்சப் பேரெல்லாம் பனிக்குள்ள புதைஞ்சு கெடக்காங்களாண்ணே?" என்றான் தம்பி.

அந்த எண் பொய்யில்லை. அது விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. சீசன் டிக்கெட் வாங்கியவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் கணக்கில் அவர் வந்தவர்தான். காசு ஏற்கெனவே கிளப்பின் கையில் இருக்கிறது. அப்படியானால் காலி நாற்காலியால் யாருக்கு நஷ்டம்? அன்று ராத்திரி தோற்ற எரிச்சலில் தொடங்கிய கேள்வி இது. அடுத்த மாதமே, 22 வருஷம் பயிற்சியாளராக இருந்த ஆர்சென் வெங்கர் விலகுவதாக அறிவிப்பு வந்தது. காலி நாற்காலிகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். அதனால் கோல் பார்ப்பதோடு நிறுத்தாமல் இங்கிலாந்து கிளப்புகளின் வருடக் கணக்குகளையும் படிக்க ஆரம்பித்தேன். அவையெல்லாம் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். தம்பிக்கு இது ஒரு வியாதியாகத் தெரிகிறது. படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிளப்புகளை முழுக வைத்த பெரும்பாலான முடிவுகள் மோசமான வருஷத்தில் எடுத்தவை கிடையாது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வருஷத்தில், கோப்பையோ அரையிறுதியோ தந்த போதையில் போட்ட கையெழுத்துகள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் காட்டியபோது அவனே கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு கிளப் தன் ஸ்டேடியத்தில் 10,000 இருக்கைகளைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள். கோப்பைப் போட்டிகள், ஐரோப்பியப் போட்டிகள் என்று ஆறு சேர்த்து 25. டிக்கெட் சராசரியாக 40 பவுண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இருக்கை விடாமல் நிரம்புகிறது. ஆக வருஷத்துக்கு 1 கோடி பவுண்டு. அதில் 20 சதவீத வாட் வரி உள்ளடக்கம், அதைக் கழித்தால் கிளப்புக்கு மிஞ்சுவது சுமார் 83 லட்சம்.

இப்போது ஒரு நட்சத்திர வீரர், வாரம் 2 லட்சம் பவுண்டு சம்பளம். இன்றைய பெரிய கிளப்புகளில் இது அதிசயமான தொகை இல்லை. 52 வாரத்துக்கு 1 கோடியே 4 லட்சம். அதற்கு மேல் முதலாளி என்ற முறையில் கிளப் தன் கையிலிருந்து கட்டவேண்டிய தேசியக் காப்பீடு 15 சதவீதம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பக்கம் வருகிறது.

பத்தாயிரம் பேர் வருஷம் முழுக்க மழையிலும் பனியிலும் வந்து உட்கார்ந்தாலும் ஒரே ஒரு ஆளின் சம்பளத்துக்குக் காணாது. ஏஜெண்ட் கமிஷனை இதில் சேர்க்கவில்லை. அந்தக் கேலரியைக் கட்ட வாங்கிய கடனையும் சேர்க்கவில்லை. 10 கோடி பவுண்டு கடனுக்கு ஐந்து சதவீதம் வட்டி என்றால் வருஷம் 50 லட்சம், அசல் தனி.

பிறகு எதற்குத்தான் கட்டுகிறார்கள்? கட்டும் இருக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கைகள் கிடையாது என்பதுதான் பதில். புதுக் கேலரியின் நடுவில் கண்ணாடி அறைகள், சாப்பாட்டுக் கூடம், மெத்தை வைத்த இருக்கை என்று ஒரு பகுதி இருக்கும். கம்பெனிகள் விருந்தினர்களை அழைத்துவர வாங்கும் இடம் அது. கேலரியின் கடனை அடைப்பது பெரும்பாலும் அந்தச் சில ஆயிரம் இருக்கைகள்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் டிவிக்குக் காட்சி தருகிறார்கள், அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் ஸ்பான்சர் வருகிறார். இரண்டும் வேண்டும். ஆனால் எது எதற்காக என்று கிளப் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது வீரர்களைத் திட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதியே இருந்தது. ஐம்பதாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்தாலும் இருபதுதான். வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரை கொண்டுபோய் அதை ஒழித்தார். உடனே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அதன் பிறகு 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு. பெல்ஜியத்தில் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தன்னை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் தடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சும்மாவே போகலாம் என்று தீர்ப்பு வந்தது. வீரரை விட்டுக்கொடுப்பதற்கான டிரான்ஸ்பர் தொகையாகப் பழைய கிளப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம் வீரரின் சம்பளத்துக்குத் திரும்பியது. கூட்டம் வருவது அவர்களைப் பார்க்கத்தான். அவர்களுக்குப் போகட்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஸ்டெஃபான் சிமான்ஸ்கி போன்ற பொருளாதார அறிஞர்கள் பல வருஷக் கணக்குகளை வைத்துச் சொன்னது: லீக் பட்டியலில் ஒரு கிளப்பின் இடத்தை டிரான்ஸ்பர் செலவைவிட மொத்தச் சம்பளச் செலவுதான் நன்றாகக் காட்டுகிறது. ஆக, சம்பளம் கொடுக்காமல் ஜெயிப்பதும் கஷ்டம். இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் இது பைத்தியக்காரத்தனமாகவே ஆகிவிட்டது. 2018-19 சீசனில் அந்த டிவிஷன் கிளப்புகள் மொத்த வருமானத்தில் 107 சதவீதத்தைச் சம்பளமாகக் கொடுத்தன. நூறு ரூபாய் வந்தால் நூற்றேழு ரூபாய் சம்பளம்! கரண்ட் பில், பயணம், புல்வெட்டு எல்லாம் அப்புறம். மேலே பிரீமியர் லீக்கில் 2025 முதல் நாலு சீசனுக்கு உள்நாட்டு டிவி உரிமை மட்டும் 670 கோடி பவுண்டு. அந்தக் கதவு வழியாக நுழைந்துவிடலாம் என்று எல்லோரும் கடன் வாங்கி முட்டுகிறார்கள். மேலே போவது ஒவ்வொரு வருஷமும் மூன்று பேர்தான்.

நல்ல வருஷக் கையெழுத்துக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் லீட்ஸ் யுனைடெட். 2001-ல், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனார்கள், வலென்சியாவிடம் தோற்றார்கள். அந்த வருஷமே லீக்கில் நாலாவது இடம். அப்போது முதல் மூன்று இடத்துக்குத்தான் சாம்பியன்ஸ் லீக், அதனால் அடுத்த சீசனில் அங்கே இடமில்லை. ஆனாலும் இனி வருஷா வருஷம் நாம் அங்கேதான் என்று நினைத்துக்கொண்டு, வரப்போகும் டிக்கெட் வசூலையே அடமானம் வைத்து 6 கோடி பவுண்டு வாங்கினார்கள். திருப்பிக் கட்ட 25 வருஷம். பிறக்காத குழந்தை வாங்கப்போகும் டிக்கெட்டை இன்றைக்கே விற்பது மாதிரி. அடுத்த சீசனில் ஐந்தாவது இடம், சாம்பியன்ஸ் லீக் மறுபடியும் கிடைக்கவில்லை. ரியோ ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள், பிறகு ஒவ்வொருவராக. 2004-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், அதே வருஷம் எல்லண்ட் ரோடு மைதானத்தையே விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2007-ல் மூன்றாம் டிவிஷன். மறுபடி மேலே வர 2020 ஆனது.

லீட்ஸ் கதை தெரிந்த கதை. என்னை உலுக்கியது போருசியா டோர்ட்முண்ட். ஜெர்மனியின் இந்தக் கிளப் 1997-ல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது, 2000-ல் பங்குச் சந்தைக்குப் போனது, 2002-ல் லீக் பட்டம். அந்தப் பணத்தையும் புகழையும் வைத்து ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினார்கள், கூடவே பெரிய சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஸ்டேடியத்தை ஒரு முதலீட்டு நிதிக்கு விற்று, அதற்கே வாடகை கட்டினார்கள். 2003-ல் தகுதிச் சுற்றிலேயே பெல்ஜியத்தின் கிளப் புரூஜிடம் பெனால்டியில் தோற்று சாம்பியன்ஸ் லீக்கைத் தவறவிட்டார்கள். அவ்வளவுதான், சீட்டுக்கட்டு சரிந்தது. ஒரு கட்டத்தில் பரம எதிரியான பயர்ன் மியூனிக் 20 லட்சம் யூரோ கடன் கொடுத்துத் தாங்கியது. வீரர்கள் சம்பளத்தில் 20 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். 2005 மார்ச் 14, டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த நிதியின் முதலீட்டாளர்கள் கூடி, கிளப் கொடுத்த மீட்புத் திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள். ஏற்றார்கள். ஏற்றிருக்காவிட்டால் அன்றோடு கிளப் திவால்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வருஷங்களிலும் அந்த ஸ்டேடியத்துக்குக் கூட்டம் குறையவில்லை. ஐரோப்பாவிலேயே அதிகக் கூட்டம் வரும் இடங்களில் அதுவும் ஒன்று. நிரம்பி வழியும் ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டே ஒரு கிளப் மூழ்க முடியும். "கூட்டம் வந்தா போதும்ல?" என்று தம்பி கேட்கும்போதெல்லாம் நான் டோர்ட்முண்டைத்தான் இழுக்கிறேன். 2006-ல் ஸ்டேடியத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இன்றும் தெற்குக் கேலரியில் 24,000-க்கும் அதிகமானோர் நின்றுகொண்டு பார்க்கிறார்கள், விலையும் மலிவு. அங்கே கண்ணாடி அறை கட்டினால் பல மடங்கு வசூலாகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

கூட்டமே வராத கதை வேறு ரகம். அதற்கு டார்லிங்டன் போக வேண்டும்.

வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிளப். நாலாவது டிவிஷன். ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வருவார்கள். 1999-ல் ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்பவர் கிளப்பை வாங்கினார். இளவயதில் இரும்புப் பெட்டி உடைத்து ஜெயிலுக்குப் போனவர், பின்னால் சமையலறை மேடைப் பலகை செய்து கோடீஸ்வரர் ஆனவர். கிளப்பைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லி, 25,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார். உள்ளே எஸ்கலேட்டர் உண்டு. 2003 ஆகஸ்டில் முதல் ஆட்டம், கிடர்மின்ஸ்டர் அணியுடன். வந்தவர்கள் 11,600 பேர். டார்லிங்டன் தோற்றது. அந்த ஸ்டேடியத்தில் அந்தக் கிளப் பார்த்த பெரிய கூட்டம் அந்த முதல் நாள்தான். அந்த டிசம்பரிலேயே கடன் கட்ட முடியாமல் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 2009-ல் மறுபடி, 2012-ல் மறுபடி. கடைசியில் ஸ்டேடியத்தை விட்டுவிட்டு வெளியேறினார்கள், ஒரு ரக்பி கிளப் அதை வாங்கிக்கொண்டது. ரசிகர்கள் புதுப் பெயரில் கிளப்பை உயிர்ப்பித்து நாலு டிவிஷன் கீழேயிருந்து தொடங்கினார்கள்.

கிறுக்கு முதலாளி, சின்ன ஊர் என்று இதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் டார்லிங்டனில் அப்பட்டமாகத் தெரிந்தது பெரிய கிளப்புகளில் கொஞ்சம் மறைந்து இருக்கிறது. சீசன் டிக்கெட்டை ஆள் ஏன் வாங்குகிறார்? எல்லா ஆட்டத்தையும் பார்க்க ஆசை என்பது ஒரு காரணம். இப்போது விட்டால் இடம் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். 35,000 இருக்கைக்கு 50,000 பேர் மோதினால் ஒருவரும் தன் இடத்தை விடமாட்டார், மழை நாளிலும், மொக்கை எதிரணி என்றாலும் வருவார். அதே ஸ்டேடியத்தை 50,000 ஆக்கினால், மோதல் தீர்ந்துவிடும், பயமும் போய்விடும். "பார்த்துக்கலாம், அன்னைக்கு வாங்கிக்கலாம்" என்ற பேச்சு வந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் இருந்த 15,000 பேரும், பட்டியல் இருந்ததனால் பட்டியலில் இருந்தவர்கள். இதைக் கட்டிடக் கலைஞரின் வரைபடம் காட்டாது.

யுவென்டஸ் இதைத் தலைகீழாகச் செய்தது. 1990 உலகக் கோப்பைக்காகத் தூரினில் கட்டிய டெல்லே ஆல்பியில் கிட்டத்தட்ட 69,000 பேர் உட்காரலாம். சுற்றிலும் ஓட்டப் பாதை வேறு, ஆட்டம் எங்கோ தூரத்தில் நடப்பது போலிருக்கும். இத்தாலியின் மிகப் பெரிய கிளப் அங்கே பாதி காலியான ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011-ல் 41,000 சொச்சம் இருக்கைகளோடு சொந்த ஸ்டேடியம் கட்டினார்கள். இருக்கை குறைந்தது, கூட்டம் நிரம்பியது. அங்கே ஆடிய முதல் சீசனிலிருந்து ஒன்பது லீக் பட்டம் தொடர்ச்சியாக. பட்டத்துக்கு ஸ்டேடியம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், கெடுதல் செய்யவில்லை என்பது நிச்சயம்.

சண்டர்லாந்தை நான் ஒரு ரகத்திலும் அடைக்க முடியாமல் தவிக்கிறேன். 1997-ல் பழைய ரோக்கர் பார்க்கை விட்டு 42,000 பேருக்கான ஸ்டேடியம் ஆஃப் லைட்டுக்கு வந்தார்கள். 1999-2000 சீசனில் பிரீமியர் லீக்கில் ஏழாவது இடம், கூட்டம் அலைமோதியது. வடக்குக் கேலரியை உயர்த்தி 49,000 ஆக்கினார்கள். அடுத்த சீசனிலும் ஏழாவது இடம். அதற்கடுத்து 2003-ல் வெறும் 19 புள்ளியோடு இறங்கினார்கள். மறுபடி ஏறி, 2006-ல் 15 புள்ளியோடு இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். 2017-ல் இறங்கி, அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷனுக்கும் விழுந்தார்கள். இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து இல்லாத ஒரு வீரரின் ஒப்பந்தம் அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது, வாரம் 70,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டாம் டிவிஷன் வருமானத்தில் முதல் டிவிஷன் சம்பளம். அந்த வீரரைத் திட்டாதவர் இல்லை. அந்த ஷரத்து இல்லாமல் கையெழுத்து வாங்கியது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த ஸ்டேடியத்தின் சிவப்பு நாற்காலிகள் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தன. பல வருஷமாக யாரும் மாற்றவில்லை. 2018 கோடையில் புது உரிமையாளர்கள் வந்ததும், ரசிகர்களே வந்து பழைய நாற்காலிகளைக் கழற்றிப் புதியதை மாட்டக் கைகொடுத்தார்கள். அந்த டிசம்பர் 26, மூன்றாம் டிவிஷனில் பிராட்ஃபோர்டு சிட்டியோடு ஆட்டம். வந்தவர்கள் 46,039 பேர். இரண்டு முறை அடுத்தடுத்து விழுந்த அணியைப் பார்க்க! 2000-ல் கட்டிய அந்த மேல் கேலரி வீண் என்று பல வருஷம் சொல்லிவந்த என் வாதம் அன்றைக்குக் கொஞ்சம் ஆடிப்போனது. 2025 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று ஜெயித்து எட்டு வருஷம் கழித்து மறுபடி பிரீமியர் லீக்குக்கு வந்தார்கள்.

நிரப்புவது என்று வரும்போது விலைதான் கடைசியில் பேசுகிறது. லிவர்பூல் 2016-ல் மெயின் ஸ்டாண்டைக் கிட்டத்தட்ட 8,500 இருக்கை கூட்டிக் கட்டியது. கட்டி முடியும் முன்பே, புதுக் கேலரியில் விலை அதிகமான டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தார்கள். 2016 பிப்ரவரி 6, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்தோடு ஆட்டம், லிவர்பூல் 2-0 முன்னிலை. சரியாக 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது. நாலு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைப் பழையபடி 59 பவுண்டில் நிறுத்தினார்கள். எந்த நிமிடம் எழுந்து போவது என்று யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சலாம்.

அந்த 18 பவுண்டு வித்தியாசத்தில் கிளப்புக்கு என்ன கிடைத்திருக்கும்? உச்ச விலை என்பதால் சில நூறு இருக்கைக்கோ, மிஞ்சினால் சில ஆயிரத்துக்கோதான் பொருந்தும். இரண்டாயிரம் இருக்கை என்று வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன கணக்குப்படி 25 ஆட்டத்துக்கு 9 லட்சம் பவுண்டு. நம் நட்சத்திர வீரரின் ஐந்து வாரச் சம்பளம்கூட இல்லை. அதற்காக, பாடி ஊரையே அதிரவைக்கும் ஒரு கூட்டத்தைப் பகைத்துக்கொள்ள இருந்தார்கள்.

சரி, என் கிளப்புக்கு வருகிறேன். ஆர்சனல் ஹைபரி என்ற பழைய மைதானத்தில் 38,000 பேரை வைத்துக்கொண்டு ஆடியது. தோற்காமலேயே லீக் ஜெயித்த 2003-04 சீசனின் நடுவில்தான் புது ஸ்டேடியத்தின் வேலை தொடங்கியது. நல்ல வருஷம் என்றால் அதைவிட நல்ல வருஷம் எது? 39 கோடி பவுண்டு செலவு, 60,000 இருக்கை, 2006-ல் திறப்பு. உடனே பணம் வேண்டியிருந்ததால் ஸ்டேடியத்தின் பெயரையும் சட்டையையும் சேர்த்து எமிரேட்ஸ் விமான நிறுவனத்துக்கு நீண்ட காலத்துக்கு 10 கோடிக்குக் கொடுத்தார்கள். ஸ்பான்சர் விலைகள் வானத்துக்கு ஏறிய வருஷங்களில் நாங்கள் பழைய விலையில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் கிளப் பிடிவாதமாக இருந்தது. ஸ்டேடியத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் சம்பளத்துக்கு அதே பேனாவை எடுக்கவில்லை. விளைவு என்ன? 2011-ல் ஃபேப்ரகாஸ் போனார், நஸ்ரி போனார். அந்த ஆகஸ்டிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 8-2 என்று தோற்றோம். 2012-ல் வான் பெர்சி, அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. 2005-லிருந்து 2014 வரை ஒரு கோப்பை இல்லை. வெங்கரை நானும் திட்டினேன், இன்று பழைய கணக்குகளைப் படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது. அத்தனை வருஷமும் சாம்பியன்ஸ் லீக் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த வருமானத்தில் வட்டி கட்டினார்கள். இங்கிலாந்திலேயே விலை கூடுதலான சீசன் டிக்கெட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. கோப்பை இல்லை, விலை உச்சம், ஆனாலும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அந்தக் கூட்டம்தான் 2018-ன் அந்தப் பனி ராத்திரியில் முதல்முறையாக வீட்டிலேயே இருந்துவிட்டது.

பக்கத்து வீட்டு டாட்டன்ஹாம் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. (இதை எழுத எனக்குக் கை கூசுகிறது.) 36,000-லிருந்து 62,850. செலவு 100 கோடி பவுண்டு அளவில். 2018 கோடையில் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. சம்பளத்தை வருமானத்தில் பாதிக்குள் அடக்கினார்கள். அமெரிக்கக் கால்பந்து, கச்சேரி, குத்துச்சண்டை என்று ஸ்டேடியத்தை நாள் வாடகைக்கு ஓட்டுகிறார்கள். 2019 ஏப்ரலில் திறந்தார்கள், ஒரு வருஷம் முடிவதற்குள் கொரோனா வந்து கதவைச் சாத்தியது. இங்கிலாந்து மத்திய வங்கியிடம் 17.5 கோடி கடன் வாங்க வேண்டி வந்தது. வருமானம் நின்றாலும் சம்பளம் நிற்காது. பார்சிலோனா அதே புயலில் மாட்டியபோது அவர்களிடம் அடக்கம் ஏதும் இல்லை. மெஸ்ஸி இல்லாமலேயே சம்பளம் வருமானத்தில் 95 சதவீதம் என்று 2021 ஆகஸ்டில் தலைவர் லாபோர்ட்டாவே சொன்னார். மெஸ்ஸி போனார். அவர்களுடைய ஸ்டேடியமான கேம்ப் நோவை 1,05,000 இருக்கையாக இடித்துக் கட்டும் வேலை மட்டும் போகவில்லை.

இப்போது விதிகள் வந்திருக்கின்றன. 2025-26 முதல், ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் சம்பளம், டிரான்ஸ்பர், ஏஜெண்ட் செலவு எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபா. இங்கிலாந்தில் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டு நஷ்டம் வரைதான் அனுமதி என்று அப்போது இருந்த விதியை மீறியதற்காக 2023-24 சீசனில் எவர்டனிடம் 6 புள்ளியும் பிறகு 2 புள்ளியும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 4 புள்ளியும் பறித்தார்கள். ஸ்டேடியம் கட்டும் செலவு அந்த நஷ்டக் கணக்கில் சேரவில்லை. எவர்டன் வழக்கில் வாதத்தின் ஒரு பகுதி, புது ஸ்டேடியத்துக்கான வட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட விறுவிறுப்பான ஆட்டம் கிடையாது. தம்பி எழுந்து போய்விட்டான்.

அவன் திரும்ப வந்ததும் வலென்சியாவைப் பற்றிச் சொன்னேன். லீட்ஸை அரையிறுதியில் வென்ற அதே வலென்சியா. 2002-லும் 2004-லும் ஸ்பெயின் லீக் பட்டம். 2007 ஆகஸ்டில் புதிய ஸ்டேடியம் நோவ் மெஸ்தாயா கட்டத் தொடங்கினார்கள். பழைய மெஸ்தாயாவின் நிலத்தை விற்றுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். 2008-ல் ஸ்பெயினின் நில விலை சரிந்தது, வாங்க ஆள் இல்லை. 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. கான்கிரீட் எலும்புக்கூடு மட்டும் ஊருக்குள் நின்றது. கடனை அடைக்க 2010-ல் டேவிட் வில்லாவையும் டேவிட் சில்வாவையும் விற்றார்கள், அடுத்த வருஷம் மாத்தாவை. வில்லா பார்சிலோனாவுக்கு, மாத்தா செல்சிக்கு, சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கு.

"எந்த சில்வா? அன்னைக்குப் பனியில ரெண்டாவது கோல் போட்டானே, அவனா?"

அவரேதான்.

2025 ஜனவரியில் அந்த எலும்புக்கூட்டில் மறுபடி வேலை தொடங்கியது. திட்டம் 70,000 இருக்கை, பழைய மெஸ்தாயாவில் 49,000. வேலை தொடங்கிய அந்த வாரம் வலென்சியா லீக் பட்டியலில் இறங்கும் இடத்தில் இருந்தது. நான் தேடிப் பார்த்ததில், மோசமான வருஷத்தில் மண் தோண்டிய கிளப் இது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"நிரம்புமாண்ணே?" என்றான்.

சில்வா 2023-ல் ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார். கிரேன் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது.